ஓட்டுக் கணக்கு

மண்டபத்தில், நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில்
நாளுக்கு ஏழு கிலோ என் கை.
முதுகுச் சதை தனி, கால் சதை தனி.
கைக்கு உறை, வாய்க்குத் துணி.
நூறு கிராமுக்குப் பத்தொன்பது கிராம் புரதம் என்று
டப்பாவில் அச்சடித்திருக்கிறார்கள்,
அதைத் திறக்கப்போகும் யாருக்கோ.

ஏழு மணிக்கு மேல்
ஐஸ் பிளாண்ட்டுக்குப் பின்னால் தகரக் கூரை ஜிம்.
உப்புக் காற்று தின்று தின்று
இருபது கிலோ பிளேட் இப்போது பத்தொன்பதே முக்கால்.
"நாம ஏறுறோமா, இரும்பு இளைக்குதா?" என்பான் கின்சன்.
விசைப்படகுக்குப் போகிறவன்.
கடலில் நாலு வேளை சோறு, கரையில் பவுடர்.
மூவாயிரத்து நானூறு ரூபாய் டப்பாவை
மூன்று பேர் சேர்ந்து வாங்கி
வெளியே பேனாவால் கோடு கிழித்திருக்கிறார்கள்.
மீன் பங்கு பிரிக்கையில்கூட
இத்தனை சண்டை வராது.

சுவரில் ஒட்டிய பட்டியலில் இரவுக்குச் சால்மன்.
அடித்துவிட்டுச் சூடை என்று எழுதியது நான்.
பக்கத்தில் வேறு யாரோ: முள்ளோடு.

பிறகு தடைக்காலம்.
சூடை சீலா விலைக்கு ஏறியது,
கம்பெனியில் பாதி நாள் வேலை.
ஒரு நாளைக்கு நாலு முட்டை எனக்கு.
மாமியார் குப்பைக் கூடையில் ஓடுகளை எண்ணுவார்.
இந்த வீட்டில் ஓட்டோடு மல்லுக்கட்டுவது
நான் ஒருத்தி மட்டுமல்ல.
அடுத்த வீட்டுப் பிரிஸ்கா
தட்டைப் பார்த்துவிட்டு ரகசியமாய்க் கேட்டாள்:
"எத்தன மாசம்?"
"மூணு," என்றேன்.
"டெட்லிஃப்ட் தொண்ணூத்தஞ்சு."

எடை பார்ப்பதற்கு முந்தின நாள்
உப்பைத் தொடாதே என்றது பட்டியல்.
உப்பில்லாத கஞ்சியோடு வாசலில் நின்றேன்.
பாம்பன் பக்கமிருந்து காற்று.
உதட்டை நக்கினேன்.
தெரியாமல்தான்.

ராமநாதபுரத்தில் தராசு சொன்னது
ஐம்பத்தாறு கிலோ எண்ணூறு.
ஐம்பத்தேழுக்குள் அடங்கிவிட்டேன்.
முதல் தூக்கு வந்தது, இரண்டாவது வந்தது.
மூன்றாவது, நூற்றிரண்டரை,
முட்டிவரை வந்து யோசித்து
இறங்கிக்கொண்டது.

திரும்புகையில் இரண்டு நண்டு வாங்கினேன்.
ஒரு நிமிடத்துக்கு ஒன்று பிளக்கிற கை
அன்றைக்கு உறை இல்லாமல், பல்லாலும் சேர்த்து
ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது.
பெரிய கொடுக்கை மாமியாருக்கு நீட்டினேன்.
கடித்து, உறிஞ்சி, ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
அவர் கேட்டார்:
"இதுல எத்தன கிராமுடி?"