செவ்வாய்க்கிழமைச் சீட்டுகள்

பகலில் எனக்கு எடைமேடை வேலை.
குலையோடு வரும் லோரியை ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரியை ஒரு முறை.
கழித்தால் வருவதுதான் கணக்கு.
சுங்கை சுமுன் ஆலையில்
இருபத்திரண்டு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய் சாயங்காலம்
எண்ணெய் வாடை போகக் குளித்துவிட்டு
அந்தோணியார் கோயிலுக்குப் போவேன்.
முன்பு ரப்பர் ஷீட்டு காயவைத்த புகைக்கூடம் அது;
மழைநாளில் சுவர் இன்னும் புளித்து மணக்கும்.
பீடத்தருகே ஒரு பிஸ்கட் டின்,
மூடியில் ஆணியால் கீறிய வாய்.
அதில் விழும் சீட்டுகளை
நவநாள் செபத்தின் நடுவே உரக்கப் படிப்பது என் பொறுப்பு.
கணீரென்ற குரல் என்று கொடுத்தார்கள்.

மதலையம்மாளின் கால்புண் ஆற வேண்டும்.
அருளப்பன் மகளுக்கு நீல ஐ.சி. கிடைக்க வேண்டும்,
பதினோராம் தடவையாக மனுப் போட்டிருக்கிறோம்.
சிங்கப்பூரில் இருப்பவன் போனை எடுக்க வேண்டும்.
செம்பனை முள் குத்திய கண்.
காணாமல் போன தாலிச் சரடு:
அது அடகுக் கடையில் இருப்பது எனக்குத் தெரியும்,
புனிதருக்கும் தெரிந்திருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் சபை சொல்லும்,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று,
தகரக் கூரையில் மழை சொல்வதுபோல
அலுக்காமல்.

நானும் போட்டிருக்கிறேன். நாற்பத்தொரு வாரம்.
பிலோமினாவின் சிறுநீரகத்துக்காக.
என் சீட்டை நானே எடுத்து
யாருடையதோ போலப் படித்தேன்.
தெலுக் இந்தான் மருத்துவமனையில் அந்த இயந்திரம்
அவள் ரத்தத்தை எடுத்துத் திருப்பித் தந்தது,
எடுத்துத் திருப்பித் தந்தது,
ஒரு வியாழக்கிழமை தரவில்லை.

அதன்பிறகு எழுதுவதில்லை.
கோபம் என்று சொல்ல மாட்டேன்.
கையில் குழந்தை வைத்திருப்பவரிடம்
யார் குரலை உயர்த்துவது?
படிப்பதை மட்டும் விடவில்லை.
லோரி நம்பர் படிப்பதுபோலப் படித்தேன்.

போன செவ்வாய், கடைசிச் சீட்டு
ஒரு சிகரெட் அட்டையின் உட்புறம்.
மலாயில், மறுபக்கம் புடைக்கும்படி அழுத்திய எழுத்து.
புளோரஸ் தீவிலிருந்து குலை வெட்ட வந்தவர்கள்
எப்போதும் கதவோரம் நிற்பார்கள்,
பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு,
நம் செபம் புரியாமல்
சிலுவை போடும் இடம் மட்டும் புரிந்து.

ஊந்தோக் ஓராங் யாங் பாச்சா கெர்தாஸ் இனி.
இந்தக் காகிதத்தைப் படிக்கிறவருக்காக.
அவர் குரல் முன்போல இல்லை.

மலாயிலேயே படித்தேன்.
தமிழில் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று.
இந்த ஊரில் மலாய் தெரியாதவர் யார்,
அது அப்போது தோன்றவில்லை.
சபை ஒரு நொடி நின்றது.
பிறகு சொன்னது,
கால்புண்ணுக்கும் தாலிச் சரடுக்கும் சொன்ன
அதே சுருதியில். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சீட்டுகளைக் கோயிலுக்குப் பின்னால் எரிப்பது வழக்கம்.
அந்த அட்டை மட்டும் என் சட்டைப்பையில்.
மறுநாள் முதல் லோரி வருமுன்
எடைமேடையில் ஏறி நின்றேன்.
அட்டையோடு அறுபது.
அதை மேசையில் வைத்துவிட்டு ஏறினேன், அறுபது.
இருபது கிலோவுக்குக் குறைந்ததெல்லாம்
அந்த இயந்திரத்துக்கு இல்லாதது.

ஏழரைக்குக் குலை லோரி வந்தது.
மேலே மூன்று பேர், முழங்கால்வரை சேறு.
மூவரும் சிரித்தார்கள்.
எவன் என்று நான் கேட்கவில்லை.

இன்று செவ்வாய்.
ஓர் எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினேன்:
கதவோரம் நிற்பவனுக்காக.
கை கொஞ்சம் தடுமாறியது, பழக்கம் விட்டுப் போனதால்.
பெயர் போடவில்லை.
அதை அந்தோணியார் பார்த்துக்கொள்வார்.