வார்டு பதினான்கில் ஒரு சாரி

லீட்ஸ் நகரத்து மருத்துவமனை. இரவு இரண்டு மணி.
த்ரெல்கெல்ட் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது.
"சாரி" என்றாள் எபேலே.
"நீ எதற்கம்மா? தட்டிவிட்டது நான்."

அவள் வளர்ந்த எனுகுவில்
கல் தடுக்கியவனுக்கும் சாரி,
மழையில் நனைந்து வந்தவளுக்கும் சாரி.
குற்றத்துக்கும் அதற்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இவருக்கோ அது
பேருந்தில் தன் காலை மிதித்தவனிடம்
தானே முந்திக்கொண்டு சொல்வது.
காதில் விழாதபோது
கேள்விக்குறி வைத்துச் சொல்வது.
மனைவி அதற்காகக் காத்திருந்த பொழுதுகளில் மட்டும்
தொண்டையில் மீன்முள்.

தரையைத் துடைத்தபடி சிரித்தாள்:
கார் நிறுத்தியதற்கு வந்த அபராதச் சீட்டும்
சாரி என்றுதான் தொடங்கியதாம்.
அறுபது பவுண்டு.

பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்
வெறும் புண் என்கிறது அகராதி.
மன்னிப்பெல்லாம் பின்னால் வந்து படிந்த பொருக்கு.

வியாழனன்று அவள் கண் சிவந்திருந்தது.
ஊரில் தம்பி.
அடக்கத்துக்குள் போய்ச்சேர விமானம் இல்லை.

த்ரெல்கெல்ட் கண்ணாடியைக் கழற்றினார்,
மறுபடி மாட்டினார்.
"சாரி" என்றார்.
உச்சரிப்பு மட்டும் யார்க்‌ஷயர்.

அவள் தலையசைத்து
அவருடைய நாடியைப் பிடித்தாள்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.