ஊரித்

பாம்பூ விரியூ.
பாம்பும் இல்லை, பூவும் இல்லை,
மூங்கில் என்று அர்த்தம் என்றார் நடத்துநர்.
இறங்கிப் பார்த்தேன், மூங்கிலும் இல்லை.
ஒரு மலை. ஒரு சாலை.
சாலையை முடிய விடாமல் கடல்.

எண்ணூரிலிருந்து நான் கொண்டுவந்தது
லேமினேட் செய்த பன்னிரண்டு படங்கள்,
மூன்று மாதம் படித்த பிரெஞ்சு,
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
கழிமுகத்தை மூடுவதைப் பார்த்து வளர்ந்தவள்
என்கிற தகுதி.

முதல் நாள் பிரெஞ்சில் பேசினேன்.
பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.
பிரெஞ்சு இங்கே வங்கிக்கும் வக்கீலுக்கும்.
சிரிக்கவும் திட்டவும் கிரியோல்.

பதிவேட்டில் சினாப்பென், ஜெரெமி என்றிருந்தது.
எனக்குள் என்னவோ துள்ளியது.
சின்னப்பன் என்று திருத்தி, உரக்க வாசித்தேன்.
யாரோ புதுப்பையன் வந்திருக்கிறான் போல என்று
ஜெரெமி பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

ஆகஸ்ட் பாதியில் தடை வந்தது.
இரண்டு மாதம் ஊரித் பிடிக்கக் கூடாது.
ஊரித் என்பது நம் பேய்க்கணவாய்.
பொந்துக்குள் முட்டைகளை அணைத்தபடி
பட்டினி கிடக்கும் தாயைப் பலகையில் வரைந்தேன்.
எட்டாவது கைக்கு இடமில்லை,
சுவரில் கொஞ்சம் போயிற்று.
பொரிக்கும்வரை அவள் சாப்பிடமாட்டாள் என்றேன்.
வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.
நல்ல பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெரெமி கையைத் தூக்கினான்.
"மிஸ், இரண்டு மாதம் அம்மா என்ன சாப்பிடுவாள்?"
எந்த அம்மா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.
நீலத் தகரக் கூரை. கதவுக்குப் பின்னால்
நுனி வளைந்த இரும்புக் கம்பி.
மிர்லேன், அவன் அம்மா,
வற்றம் பார்த்துப் பவளத்தில் நடந்து நடந்து
கணுக்காலெல்லாம் வெள்ளைக் கீறல்கள்.
தாளிப்பில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டு
கரிபூலே என்றாள்.
இந்த முறை நான் திருத்தவில்லை.

சோற்றின் மேல் சிவப்பாக, சுருண்டு,
உறிஞ்சு வட்டங்களோடு
என் பாடம் வந்தது.

எப்போது பிடித்தது என்று கேட்டிருக்கலாம்.
மூலையில் பழைய குளிர்பெட்டி ஒன்று
முனகிக்கொண்டிருந்தது. அதை நம்பினேன்.
இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, வகுப்பு முழுக்கக் கேட்க:
"மிஸ், தி போன்?"
நன்றாக இருந்ததா என்கிறான்.

பொய் சொல்லும் அளவுக்கு
எனக்குக் கிரியோல் வராது.
"தி போன்" என்றேன்.

அனாயிஸ் விரலை மடக்கி நாட்களை எண்ணினாள்.
நான் திமிங்கிலப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுச்
சாக்கட்டியை அவர்களிடமே கொடுத்தேன்.
இரண்டு மாதம் உங்கள் வீட்டில் என்ன நடக்கும், எழுதுங்கள்.
அப்பா கரும்பு வெட்டப் போவார்.
அக்கா ஓட்டலில் துண்டு மடிப்பாள்.
மாமாவுக்குத் தடைக்காலப் பணம் வரும், குடித்துவிடுவார்.
ஜெரெமி எழுதியது:
அட்டை அப்பா பெயரில்.
அப்பா படகோடு போய் நாலு வருடம்.

மீன்துறை அலுவலகத்து மரப்பெஞ்சில்
மிர்லேனும் நானும் ஒரு காலை முழுவதும்.
படிவம் பிரெஞ்சில் இருந்தது.
என் மூன்று மாதத்துக்கு ஒருவழியாக ஒரு வேலை.
பெயர்: சினாப்பென்,
எழுத்துக்கு எழுத்து அவர்கள் எழுதுகிறபடியே.
தொழில்: ஊரித். படகு: இல்லை, கால்.
எத்தனை வருடமாக: ஒன்பது வயதிலிருந்து.

கடைசியாகப் பிடித்த தேதி என்றொரு கட்டம்.
மிர்லேன் என்னைப் பார்த்தாள்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
வெளியே வற்றம்,
பவளம் முதுகு தெரியக் கிடந்தது,
அதன்மேல் ஒருவரும் இல்லை.

ஜூலை என்று எழுதினேன்.