நாலு புள்ளி

வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலையில்
இரவு பில் போடுகிறவள் நான்.
இருபதாம் நூற்றாண்டை
இன்னும் ஒன்பது நாளில் முடிக்க வேண்டும்.

முதலாவது போர் இரண்டு தரம் நடந்துவிட்டது.
சரயேவோவில் வெடி விழுந்த திகதி மட்டும்
ஒவ்வொரு முறையும்
ஒரு கிழமை முந்துகிறது, இல்லை பிந்துகிறது.
வெர்சாயில் யார் யாருக்கு
எவ்வளவு கட்ட வேண்டும் என்பது மறக்கவேயில்லை.
கடன் என் தொழில்:
பேரின்பத்தாரின் படகு, பதினாறு பார், பாதிக் காசு.

பழைய நோட்ஸில் கெடுபிடிப்போர்.
புது நோட்ஸில் பனிப்போர்.
எதை எழுதினால் வெட்டமாட்டார்கள்?
"ரெண்டையும் எழுது கா, நடுவுல கோடு போடு" என்றாள் ஹனானா
பிறைந்துறைச்சேனையில் இருந்து,
பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே.

பனி என்றால் எங்களுக்கு
தை மாதம் கச்சான் இலையில் நிற்கும் நீர்.
அதை வைத்து நாற்பத்தைந்து வருசம்
எப்படிச் சண்டை பிடிப்பது?
ஆனால் பார்த்திருக்கிறேன்:
உப்புத் தண்ணிக்குள் இறக்கிய தகர வாளிகள்
ஒன்றையொன்று தொடாமல்
சத்தமில்லாமல் இறுகும்,
ஒரு பகலும் ஓர் இரவும்.
இதை எழுதினால் புள்ளி கிடைக்காது.

மூன்று மணிக்கு ஆழ்கடல் படகுகள்.
அரைக்கும் மெசின் தொடங்கியதும்
ஹனானாவின் குரலில்
சோவியத் துண்டு துண்டாய் வருகிறது.
"எத்தினையாம் ஆண்டு?"
"தொண்ணூத்தொண்டு! தொண்ணூத்தொண்டு!"
ஐஸ் ஏற்றும் பொடியன்
லொத்தர் இலக்கமோ என்று திரும்பிப் பார்க்கிறான்.

பகலில் படிப்பது அயன் பண்ணும் மேசையில்.
மேலே பழைய சேலை,
அதற்குக் கீழே சாம்பல் நிறக் கம்பளி.
இந்த ஊர் வெக்கைக்கு யார் கம்பளி வாங்கினது என்று
இருபத்தாறு வருசம் நான் கேட்டதில்லை.

பகுதி இரண்டு, ஏழாம் வினா:
குவைத் ஆக்கிரமிப்பின் விளைவுகள் நான்கு தருக.
எண்ணெய் விலை.
பொருளாதாரத் தடை.
கூட்டுப்படை.
நாலாவது வரவில்லை. சத்தம் போட்டுத்
திரும்பத் திரும்பச் சொன்னேன்.
குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சின்னம்மா
தலை நிமிராமல்
"நாங்க" என்றா.

மேடம் காரில் போய்விட்டா, சொல்லாமல்.
பிறகு பஸ், பிறகு லொறி, பிறகு மணல்.
ஜோர்தானில் கூடாரம்.
நாலு பேருக்கு ஒரு கம்பளி.
கொழும்பில் இறங்கியதும்
ஊருக்குப் போகாதே என்று ஆரோ சொன்னார்களாம். போனா.
வீடு இருந்த இடத்தில் கிணறு இருந்தது.
"ஒரு முகாமால வந்து மற்ற முகாமுல படுத்தன்.
கம்பளி மட்டும் மாறல்ல."

அந்த ஆண்டு இங்கே நடந்ததற்குப்
பாடத்திட்டத்தில் அலகு இல்லை.
எங்கள் வீட்டில் அதற்கு இலக்கமும் இல்லை,
"அந்த வருசம்" என்பார்கள்.
ஹனானா வீட்டிலும் அதே சொல்தான்.
ஜெர்மனி ஒன்றானதும் அந்த வருசம் என்று
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்து
போனில் பேசாமல் இருந்தோம்.
ரீலோட் காசு போய்க்கொண்டிருந்தது.

நாலாவது, தொழிலாளர் இடப்பெயர்வு
என்று எழுதினேன்.
"அதுக்கு எத்தின புள்ளி?"
"கேள்விக்கு நாலு. இதுக்கு ஒண்டு."
"ஒண்டா?"
பாரைத் தலை ரெண்டாய்ப் பிளந்தது.
"அதையாவது விட்டுராத."

சோதனைக்குக் கட்டும் சேலையை அயன் பண்ணும்போது
கம்பளி விலகியது. ஓரத்தில் அரபு எழுத்து,
பெட்டி சுட்டதில் பாதி கருகி.
படம் எடுத்து ஹனானாவுக்கு அனுப்பினேன்.
புருசனிடம் கேட்டுப் பதில் போட்டாள்:
"விக்கக் கூடாது எண்டு இரிக்காம்.
மற்றச் சொல் கருகிட்டு."
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
"பொட்ஸ்டாம் மாநாடு எந்த மாசம் கா?"

ஜூலை, என்று அடித்தேன்.
முடிஞ்சது ஓகஸ்டில.