நொடிக்கு எத்தனை

ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை.
ஒரு ஆள் நிற்கும் அகலம்.
கடைக்காரர் உதட்டில் 'மெகாபிக்சல்'
நாலு முறை வந்து போனது.
காது கேட்காது என்று சீட்டில் எழுதி நீட்டினேன்.
அதே சொல்லை
இன்னும் பெரிதாக வாயைத் திறந்து சொன்னார்.

மறுபடி எழுதினேன்:
நொடிக்கு எத்தனை படம்?

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முப்பது, பொடி எழுத்தில்.
அது பகல் வெளிச்சத்தில்.
ராத்திரி பத்து மணிக்கு என் அடுப்படியில்?
இருட்டினால் கேமரா
ஒவ்வொரு படத்துக்கும் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்.
அதற்குள் விரல் போய்விடும்,
மிச்சம் புகை.

'முகத்துக்கு இது போதும் மேடம்' என்று எழுதினார்.
நாங்கள் முகத்தால் மட்டும் பேசுவதில்லை.

கடை விளக்கை நானே அணைத்தேன்.
ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி
'சாப்பிட்டாயா' என்று கையால் கேட்டுப் பார்த்தேன்.
முதலாவதில் ஐந்து விரலும் சேர்ந்து துடைப்பம்.
அடுத்தது கையைத் துரத்திக்கொண்டு போய்
முகத்தை மறந்துவிட்டது.
இன்னொன்றில் வரிவரியாகக் கருப்பு ஊர்ந்தது;
எதையோ ஐம்பது ஹெர்ட்ஸுக்கு மாற்றினார், நின்றது.
கடைசியாக, அட்டையில் பெருமையே இல்லாத ஒன்று.
நிறம் கொஞ்சம் மஞ்சள், படத்தில் மணல்.
ஆனால் விரல் விரலாக இருந்தது.

போன மாதம் ஜெர்லின்
கண்ணுக்குப் பக்கத்திலிருந்து விரல்களைக் கீழே இறக்கினாள்.
திரையில் புகை.
மழையா, என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு
ஆமாம் என்று தலையாட்டினாள்.
நானும் சைதாப்பேட்டையில் தண்ணி லாரி வராததைச் சொன்னேன்,
சிரித்துக்கொண்டே.
மறுநாள் பஸ் கிண்டி தாண்டும்போதுதான் உறைத்தது:
மஸ்கட்டில் ஜூன் மாதம்
என்ன மழை?

பில் போடும்போது கையைப் பிடித்து நிறுத்தினேன்.
நான் வாங்குவது என் கண் இல்லையே.
இது என் கையை அவள் பார்க்க.
அவள் கை எனக்குத் தெரிய
இது அங்கே இருக்கவேண்டும்.

இரண்டு விரல் காட்டினேன்.
எழுதாமலே புரிந்துகொண்டார்.

பதினாலாம் தேதி கிளம்பும் ஒருவர் பெட்டியில்
எலுமிச்சை ஊறுகாய்க்கும் துண்டுக்கும் நடுவே போகிறது.
அட்டை மேல் எழுதியிருக்கிறேன்:
விளக்கு முகத்துக்கு எதிரே.
முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம்.
தள்ளி உட்கார், இடுப்புவரை தெரியட்டும்.
பிறகு அந்த மழையை
இன்னொரு தடவை சொல்.