தகவல் தந்தவர்

பண்டபெர்க், 1907.
மரணப் பதிவின் நகல், முப்பத்தொரு டாலர்.

பெயர்: ஆர்லம் பெல்.
நாக்கில் உருட்டி உருட்டித்தான்
அருளம்பலம் ஆனார்.
ஊர்: சிலோன். அவ்வளவுதான்.
தொழில்: கரும்புக் கூலி.
மனைவி மக்கள்: இல்லை.
மானிப்பாயில் இருந்தார்கள்; நானே சாட்சி.
தகப்பன்: தெரியாது.

தாய் என்ற கட்டத்தில் மட்டும்
மை தடுமாறித் தடுமாறி
வாலி அம்மி.

வள்ளியம்மை.

தகவல் தந்தவர்: ஆக்னஸ் டல்லி, சலவைக்காரி.
உறவு: எதுவுமில்லை.

எதுவுமில்லாத ஒருத்தியிடம்
எந்த நேரத்தில் சொல்வான் ஒருவன்
தன் தாயின் பெயரை?

இடுகாட்டில் அவருக்குக் கல் இல்லை.
வரிசை எண்ணும்
புல்வெட்டும் இயந்திரம் போன தடமும்.
கொண்டுபோன பூவில் பாதியை வைத்துவிட்டு
அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தேன்,
டல்லி எந்த வரிசை என்று கேட்க.