மொத்தம் நூறு

கொருக்குப்பேட்டை கேட் விழுந்திருக்கிறது.
கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது,
போய்க்கொண்டே இருக்கிறது.
அது முடியிறவரைக்கும் யாரும் வர மாட்டாங்க, சொல்லுண்ணே
என்கிறாள் ரெஜினா, ஜெராக்ஸ் மிஷின் சூட்டில்.

எழுதினது யாரு?
நான்தான். சற்குணம்.
திரையில் ஏற்கெனவே மூன்று சற்குணம்.
ஒருவனுக்கு முதலெழுத்து தப்பு,
ஒருவனுக்கு வால் நீளம்,
ஒருவன் பெண் என்று பதிவாகியிருக்கிறான்.
மூவருக்கும் சேராத காசு
எங்கோ ஒரு கணக்கில்
'உரிமையாளர் தெரியவில்லை' என்று
குந்திக்கொண்டிருக்கிறதாம்.

போன காலாண்டுக்கு வந்தது
நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் முப்பத்தேழு காசு.
அதற்குப் பத்தொன்பது பக்கம் கணக்கு.
மலேசியாவில் நானூறு தடவை.
நார்வேயில் ஒருத்தர், ஒரே ஒருத்தர்,
பதினோரு தடவை.
அவருக்கு யார் செத்தார்களோ.
பக்கத்துக்கு மூன்று ரூபாய் மேனிக்கு
அச்செடுக்க ஐம்பத்தேழு கொடுத்தேன்.

சதவீதம் சொல்லுண்ணே.
மெட்டு மூலக்கொத்தளத்துக்குப் போகிற எல்லோருக்கும் பொது,
இருந்தாலும் கீபோர்டு ஜோயலுக்கு முப்பது.
டேப் அடித்த பன்னீருக்குக் கட்டமே இல்லை,
அன்றைக்கே கையில் ஐந்நூறு.
அவன் இதுவரை கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்,
நிம்மதியாக இருந்திருக்கும்.

வார்த்தைக்கு எழுபது
என்று சொல்ல வாயைத் திறந்து மூடினேன்.

பல்லவியில் ஒரு வரி.
ஆட்டோ முதுகில் எழுதியிருக்கிறார்கள்,
மழையில் நனைகிற ஜோடிகள் ரீல்ஸுக்கு வைக்கிறார்கள்.
கஜபதியைக் கரையேற்றிய ராத்திரி
காசிமேட்டில், ஐஸ் பெட்டிக்கு
நாங்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது
அவன் அம்மா தேசம்மா
யாரையும் பார்க்காமல் கேட்டது அது:
'வலையெல்லாம் காஞ்சிடுச்சே,
நீ மட்டும் ஏண்டா ஈரமா கீற?'

விடியும்வரை அதற்குக் கீழே பதினாறு வரி கட்டினேன்.
ஒன்றுகூட அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

போன வாரம் மார்க்கெட்டில் போய்ச் சொன்னேன்.
காசு வருதும்மா, உன் வரிக்கு.
எத்தினி என்றாள். சொன்னேன்.
வவ்வாலைப் புரட்டிப் போட்டுச் செதில் சீவினாள்.
நானா சொன்னேன் அத்த?
நெனப்பில்ல. நீயே எழுதினதா இருக்கட்டும்.
அந்தப் பாட்டு வந்தா
செல்லைக் கவுத்துப் போட்டுருவேன்.

பான் கார்டு இருக்குமா அவங்களுக்கு?
ரேஷன் கார்டே மருமகளிடம்.

எனக்கு ஐம்பது, ஜோயலுக்கு முப்பது.
சேமி என்று அழுத்தினாள்.
சிவப்பு எழுத்தில் வந்தது:
மொத்தம் நூறு இல்லை.

இருபது யார் பேர்லண்ணே?
உரிமையாளர் தெரியவில்லைன்னு போட வழி இருக்கா?
அது நாம போடுறதில்லண்ணே, அவங்களே போடுவாங்க.

கடைசிப் பெட்டி போய்விட்டது. கேட் ஏறுகிறது.
பைக்கில் ஒரு பையன், பென்டிரைவ் ஸ்பீக்கரில்
என் பாட்டை அலறவிட்டபடி
தண்டவாளத்தில் குலுங்கிக் கடக்கிறான்.

அதுவும் கணக்கில் வராது.